மூடி ஏன் திறக்க மறுக்கிறது?

ஒரு வாரப் பள்ளி விடுமுறை முடிந்து வந்த திங்கட்கிழமை. அறிவியல் கழக மாணவர்கள் நான்கு பேர் ஆய்வுக்கூடத்தின் மூலையில் ஒரு நெகிழிக் கலனைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். 10 லிட்டர் கொள்ளளவு, அகன்ற வாய், திருகு மூடி. உள்ளே அன்னாசித் தோல், பழுப்புச் சீனி, தண்ணீர். பல வீடுகளிலும் பள்ளிகளிலும் ‘என்சைம்’ என்ற பெயரில் செய்கிறார்களே, அதே கலவைதான். தரை துடைக்கவும் செடிகளுக்கு ஊற்றவும் பயன்படுத்துவார்கள்.

“டீச்சர், மூடி அசையவே மாட்டேங்குது” என்றான் ஒருவன். ஒருவர் மாற்றி ஒருவர் திருகிப் பார்த்து மூவரின் உள்ளங்கையும் சிவந்திருந்தது.

நான் யோசிக்காமல் சொன்னேன்: “கெட்டில்ல தண்ணி வைங்க. மூடி மேல சுடுதண்ணி ஊத்தினா திறந்துக்கும்.” வீட்டில் ஜேம் போத்தல் திறக்காவிட்டால் என் அம்மா செய்வது அதுதான். நானும் அதையே செய்வேன்.

அப்போது படிவம் மூன்று மாணவி ஒருத்தி குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: “டீச்சர், மூடி நடுவுல உப்பி இருக்கே. லீவுக்கு முன்னாடி தட்டையாத்தானே இருந்துச்சு?”

உடனே கெட்டிலை அணைக்கச் சொன்னேன். அவள் கேட்டது சரியான கேள்வி. ஜேம் போத்தலைத் திறக்கும் சுடுநீர், அந்தக் கலனின் மூடியை மேலும் இறுக்கியிருக்கும். கையில் வெடிக்கவும் செய்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ‘இறுகிய மூடி’தான். ஆனால், இறுகியதற்கான காரணம் இரண்டிலும் நேர் எதிரானது.

இரண்டு உராய்வுகளின் போட்டி

திருகு மூடியைத் திறக்கும்போது இரண்டு இடங்களில் உராய்வு வேலை செய்கிறது. ஒன்று, உங்கள் உள்ளங்கைக்கும் மூடிக்கும் இடையில். மற்றொன்று, மூடியின் உட்புற மரைக்கும் கலனின் கழுத்து மரைக்கும் இடையில். முதல் உராய்வு உங்களுக்கு உதவுகிறது. இரண்டாவது உங்களை எதிர்க்கிறது. கை வழுக்கினால் மரை வென்றது என்று பொருள்.

பள்ளியில் ‘டாயா கெசெரான்’ என்று படிக்கிறீர்களே, அதுதான் உராய்வு விசை. அது எதைப் பொறுத்தது? பரப்பு சொரசொரப்பா வழுவழுப்பா என்பது ஒன்று. இரண்டு பரப்புகளும் எவ்வளவு விசையுடன் ஒன்றையொன்று அழுத்துகின்றன என்பது இன்னொன்று. அழுத்தும் விசை இரட்டித்தால் உராய்வும் ஏறத்தாழ இரட்டிக்கும்.

ஆகவே, இறுகிய மூடியைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி, ‘இன்னும் எவ்வளவு பலமாகத் திருகலாம்?’ என்பதன்று. ‘மரைகளை ஒன்றோடொன்று அழுத்திக்கொண்டிருப்பது எது?’ என்பதே.

உள்ளிருந்து தள்ளும் வாயு

எங்கள் கலனில் அழுத்தியது கரிவளி.

அன்னாசித் தோலில் கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட் நுண்ணுயிர்கள் இயற்கையாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். சீனித் தண்ணீர் கிடைத்ததும் அவை சீனியை உண்டு, எத்தனாலையும் கரிவளியையும் வெளியேற்றுகின்றன. இதுதான் நொதித்தல். பின்னர் வேறு பாக்டீரியாக்கள் எத்தனாலை அசிட்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அதனால்தான் அந்த நீர் காடிபோல் புளிக்கிறது. பெயர் ‘என்சைம்’ என்றாலும் கலனில் இருப்பது பெரும்பாலும் புளித்த பழத்தோல் நீர். தாப்பாய் செய்யும்போதும் ரொட்டி மாவு உப்பும்போதும் வேலை செய்வது ஈஸ்ட்தான். மேல்நாடுகளில் வீட்டிலேயே பியர் தயாரிப்பவர்களின் நொதித்தல் வாளியில் நடப்பதும் இதே வினைதான். மூடி இறுகும் தொல்லை அவர்களுக்கும் உண்டு.

எவ்வளவு கரிவளி வரும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 4 கிராம். அது முழுவதும் நொதித்தால் நம் நாட்டு வெப்பநிலையில் ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான கரிவளி உண்டாகும். ஒரே ஒரு தேக்கரண்டி, ஒரு லிட்டர் வாயு! நாங்கள் போட்டதோ 600 கிராம் சீனி. அதில் பாதி மட்டும் நொதித்தால்கூட 80 லிட்டருக்கு மேல் வாயு வரும். கலனில் காற்றுக்கு இருந்த இடம் சுமார் 2 லிட்டர்தான்.

இப்போது அழுத்தத்தைப் பார்ப்போம். நம்மைச் சுற்றியுள்ள காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பையும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடைக்குச் சமமான விசையால் அழுத்துகிறது. இது ஒரு வளிமண்டல அழுத்தம். கலனுக்குள் இதைவிடப் பாதி வளிமண்டலம் மட்டும் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூடியின் வாய் 10 சென்டிமீட்டர் விட்டம் உடையது. அதன் பரப்பு சுமார் 78 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் அரை கிலோ என்றால் மொத்தம் 39 கிலோ!

அதாவது, படிவம் ஒன்று மாணவர் ஒருவர் கலனுக்குள் நின்றுகொண்டு மூடியைத் தலையால் முட்டித் தள்ளுவதுபோல. அந்த விசை முழுவதும் மூடியின் மரையைக் கழுத்து மரையோடு அழுத்துகிறது. உராய்வு கூடுகிறது. மூடி அசைய மறுக்கிறது.

இந்த அளவு அழுத்தம் உருவாக எவ்வளவு சீனி நொதிக்க வேண்டும்? வாயுவின் ஒரு பகுதி தண்ணீரில் கரைந்துவிடும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் இரண்டு மூன்று தேக்கரண்டி போதும். ஒரு வாரம் யாரும் திறந்துவிடாத கலனில் அது மிக எளிது.

வாய் அகலமாக அகலமாக ஆபத்தும் கூடும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வாளி மூடியின் பரப்பு 700 சதுர சென்டிமீட்டருக்கு மேல். அங்கே வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு கூடினாலே மூடியைத் தள்ளும் விசை 70 கிலோ எடைக்குச் சமமாகிவிடும்.

வெளியிலிருந்து அழுத்தும் காற்று

இனி ஜேம் போத்தலுக்கு வருவோம். காயாவோ ஜேமோ சூடாக இருக்கும்போதே போத்தலில் நிரப்பி மூடுகிறார்கள். அப்போது மேலே உள்ள இடத்தில் சூடான காற்றும் நீராவியும் இருக்கும். ஆறியதும் நீராவி மீண்டும் நீராகிறது. காற்றின் அழுத்தமும் குறைகிறது. உள்ளே அழுத்தம் குறைவு, வெளியே வளிமண்டல அழுத்தம் அப்படியே. எனவே வெளிக்காற்று மூடியைப் போத்தலின் விளிம்போடு சேர்த்து அழுத்துகிறது.

‘வெற்றிடம் மூடியை உள்ளே இழுக்கிறது’ என்று பலர் சொல்வார்கள். உண்மையில் வெற்றிடத்திற்கு இழுக்கத் தெரியாது. வெளியே இருக்கும் காற்றுதான் தள்ளுகிறது. 17ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ வான் கெரிக் இதைக் கண்முன் காட்டினார். இரண்டு உலோக அரைக்கோளங்களை ஒன்றாகச் சேர்த்து, உள்ளிருந்த காற்றை வெளியேற்றினார். பக்கத்துக்கு எட்டுக் குதிரைகள் பூட்டி இழுத்தும் அவற்றைப் பிரிப்பது பெரும்பாடாக இருந்தது. உள்ளே காற்றை விட்டதும் கையாலேயே பிரிந்தன.

7 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஜேம் மூடியின் பரப்பு சுமார் 38 சதுர சென்டிமீட்டர். உள்ளே அழுத்தம் பாதியாகக் குறைந்திருந்தால், மூடியை வெளிக்காற்று 19 கிலோ எடைக்குச் சமமான விசையால் அழுத்தும்.

இந்த மூடிக்குச் சுடுநீர் நல்ல மருந்து. உலோக மூடி கண்ணாடியைவிட அதிகம் விரிவதால் பிடி சற்றுத் தளர்கிறது. உள்ளிருக்கும் வாயு சூடேறி, குறைந்திருந்த அழுத்தம் கொஞ்சம் உயர்கிறது. விளிம்பில் காய்ந்திருக்கும் இனிப்பும் இளகுகிறது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே மட்டும் ஊற்றக்கூடாது. திடீர் வெப்ப மாற்றத்தால் கண்ணாடி விரிசல் விடும்.

இன்னொரு வழி, மைலோ டின்னைத் திறப்பதுபோல் ஒரு கரண்டியின் காம்பை மூடியின் விளிம்பில் கொடுத்து மெல்ல நெம்புவது. ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் வெளிக்காற்று உள்ளே புகுந்துவிட்டது. பிறகு சிறு பிள்ளைகூடத் திறக்கலாம்.

அதே சுடுநீர் இங்கே ஏன் ஆபத்து?

பிரெஞ்சு அறிவியலாளர் கே-லுசாக், வாயுக்கள் சூடேறும்போது எப்படி விரிகின்றன என்பதை 1802இல் வெளியிட்டார். கன அளவு மாறாத கலனில் வாயுவைச் சூடாக்கினால் அதன் அழுத்தம் உயரும் என்பதைப் படிவம் நான்கு இயற்பியலில் அவர் பெயராலேயே படிப்பீர்கள். அதே மனிதர் 1815இல், சீனியிலிருந்து எத்தனாலும் கரிவளியும் எந்த அளவில் கிடைக்கும் என்பதற்கான சமன்பாட்டையும் தந்தார். எங்கள் கலனுக்குள் அவருடைய இரண்டு ஆய்வுகளும் சேர்ந்தே நடந்துகொண்டிருந்தன எனலாம்.

நான் சொன்னபடி சுடுநீரை ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உள்ளிருந்த வாயு 30 பாகை செல்சியசிலிருந்து 60 பாகைக்குச் சூடாகியிருந்தால், அதன் மொத்த அழுத்தம் பத்தில் ஒரு பங்கு உயர்ந்திருக்கும். முன்பு கண்ட 39 கிலோவுடன் மேலும் 12 கிலோ சேர்ந்திருக்கும். தண்ணீர் சூடேறினால் அதில் கரைந்திருந்த கரிவளியும் வெளியே வந்து அழுத்தத்தை இன்னும் கூட்டும். சூட்டில் நெகிழி இளகி வலுவிழக்கும். மூடியும் கலனும் இரண்டுமே நெகிழி என்பதால், உலோக மூடியில் கிடைத்த விரிவின் உதவியும் இங்கே பெரிதாகக் கிடைக்காது.

ஒரு நன்மையும் இல்லை, மூன்று தீமைகள்.

நாங்கள் செய்தது

சூடு தவறு என்றால் குளிர் சரியாக இருக்க வேண்டும் அல்லவா? மாணவர்களே அதைச் சொன்னார்கள். சிற்றுண்டிச் சாலையிலிருந்து ஐஸ் வாங்கிவந்து, பெரிய வாளியில் தண்ணீரோடு கொட்டி, கலனை அதில் ஒரு மணி நேரம் நிற்க வைத்தோம். குளிர்ந்தால் வாயுவின் அழுத்தம் குறையும். கரிவளி தண்ணீரில் அதிகம் கரையவும் செய்யும். 25 பாகையில் கரைவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு 5 பாகையில் கரையும். குளிர்ந்த சோடா குறைவாகப் பொங்குவதும் இதனால்தான்.

பிறகு மாணவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னேன். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டேன். மூடிமேல் தடித்த துண்டைப் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, உள்ளங்கையால் மூடியைக் கீழ்நோக்கி அழுத்தியபடியே திருகினேன். ஏன் அழுத்த வேண்டும்? வாயு மூடியை மேலே தள்ளுகிறது. நாம் கீழே அழுத்தினால் மரைகளின் மேலுள்ள சுமை கொஞ்சம் குறைகிறது.

மூடி ஒரு விரற்கடை அளவு நகர்ந்தது. ‘உஸ்ஸ்ஸ்’ என்று சத்தம் வந்தது. அங்கேயே நிறுத்திவிட்டேன். இதுதான் மிக முக்கியமான கட்டம். சத்தம் கேட்டதும் மகிழ்ச்சியில் முழுவதும் திருகிவிட்டால் மூடி பறக்கும். நுரை கூரை வரை பீய்ச்சியடிக்கும். சத்தம் முழுவதும் அடங்கும்வரை காத்திருந்தோம். புளித்த அன்னாசி மணம் ஆய்வுக்கூடம் முழுவதும் பரவியது.

அதன் பிறகு அந்த மாணவியைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னேன். மூன்று பேரால் அசைக்க முடியாத மூடியை அவள் இரண்டு விரலால் திறந்தாள்.

தட்டையாக இருந்தால்?

மூடி உப்பவும் இல்லை, குழியவும் இல்லை, ஆனாலும் திறக்கவில்லை என்றால் குற்றவாளி வேறு. மரையில் வழிந்த இனிப்பு நீர் காய்ந்து பசையாகியிருக்கும். அல்லது மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் விளிம்போடு ஒட்டியிருக்கும். அல்லது மூடி கோணலாக மரை ஏறியிருக்கும். வாயு வெளியேறச் சிறு குழாய் பொருத்திய கலன்களில் பெரும்பாலும் இவைதான் காரணம். அதில் முதலில் குழாயைக் கழற்றி, உள்ளே அழுத்தம் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். பிறகு வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை மூடியைச் சுற்றிப் பத்து நிமிடம் கட்டி வையுங்கள். சீனி கரைந்துவிடும்.

அடுத்து, கையின் பக்கம் உராய்வைக் கூட்டுங்கள். ஈரக் கையைத் துடைத்துவிட்டு ரப்பர் கையுறை அணியலாம். அல்லது மூடியைச் சுற்றி இரண்டு ரப்பர் வளையங்களை மாட்டலாம். மெல்லிய நெகிழி மூடியை எதிரெதிர்ப் பக்கங்களில் இறுக்கிப் பிடிக்காதீர்கள். வட்டம் நசுங்கி நீள்வட்டமானால் மரையில் இன்னும் மாட்டிக்கொள்ளும். உள்ளங்கை முழுவதையும் மூடிமேல் பரப்பித் திருகுவதே நல்லது.

அப்படியும் வரவில்லையா? மூடியைச் சுற்றி இறுகும் பட்டையும் நீண்ட கைப்பிடியும் கொண்ட கருவி கடைகளில் கிடைக்கிறது. கைப்பிடி நீளமாக நீளமாக, அதே விசைக்குத் திருப்பும் ஆற்றல் கூடும். கதவைக் கீல் அருகே தள்ளாமல் கைப்பிடி அருகே தள்ளுகிறோமே, அதே தத்துவம்தான். ஆனால், இந்தக் கருவியை உப்பிய மூடியில் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

தொடும் முன் பாருங்கள்

மூடி நடுவில் உப்பியிருக்கிறது, கலனின் பக்கம் கல்போல் கெட்டியாக இருக்கிறது: உள்ளே அழுத்தம் அதிகம். குளிரவையுங்கள், மெல்லத் திருகுங்கள், சத்தம் வந்ததும் நிறுத்துங்கள். ஒரு பெரியவர் உடன் இருக்க வேண்டும்.

மூடி குழிந்திருக்கிறது, கலன் நசுங்கியிருக்கிறது: உள்ளே அழுத்தம் குறைவு. விளிம்பை நெம்பிக் காற்றை உள்ளே விடுங்கள். நொதித்தல் முடிந்த கலனைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால்கூட இப்படி ஆகலாம்.

மூடி தட்டையாக இருக்கிறது: பசையோ மரையோ காரணம். வெதுவெதுப்பான ஈரத்துணி, ரப்பர் கையுறை.

நொதிக்கும் கலவை மூடிய கண்ணாடிப் போத்தலில் இருந்து, மூடி உப்பியிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். நெகிழி உப்பும், கண்ணாடி உப்பாது, சில்லு சில்லாகச் சிதறும். உப்பிய மூடியில் ஆணியால் துளையிடுவதும் கூடாது. அடைபட்ட வாயு முழுவதும் அந்தச் சிறு துளை வழியே உங்கள் முகத்தை நோக்கிப் பாயும்.

இவற்றையெல்லாம்விட எளியது, மூடி இறுகாமல் பார்த்துக்கொள்வது. நொதித்தலுக்கு நெகிழிக் கலனையே பயன்படுத்துங்கள். நாலில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விடுங்கள். முதல் மாதம் நாள்தோறும் மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றுங்கள். நாள்தோறும் முடியாதென்றால் மூடியில் ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தி, மறுமுனையைத் தண்ணீர் உள்ள குவளையில் மூழ்க வையுங்கள். வாயு குமிழியாக வெளியேறும். வெளிக்காற்று உள்ளே வராது. எங்கள் கழகக் கலனில் இப்போது அந்தக் குழாய் இருக்கிறது. விடுமுறை வந்தாலும் கவலையில்லை.

நீங்களும் செய்து பாருங்கள்

500 மில்லிலிட்டர் நெகிழிப் போத்தலில் பாதியளவு வெதுவெதுப்பான நீர், இரண்டு தேக்கரண்டிச் சீனி, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட் போட்டுக் கலக்குங்கள். மூடிக்குப் பதிலாக வாயில் ஒரு பலூனை மாட்டுங்கள். ஒரு மணி நேரத்தில் பலூன் எழுந்து நிற்கும். மூடியைத் தள்ளும் விசையை அதில் கண்ணால் பார்க்கலாம். எக்காரணம் கொண்டும் மூடியைப் போட்டு இறுக்காதீர்கள்.

இனி ஒரு கேள்வி. கேமரன் மலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீரைக் குடித்துவிட்டு வெறும் நெகிழிப் போத்தலை இறுக மூடிக் காரில் வைக்கிறீர்கள். ஈப்போ வந்து சேரும்போது போத்தல் உப்பியிருக்குமா, நசுங்கியிருக்குமா? ஏன்? விடையை முதலில் தாளில் எழுதுங்கள். அடுத்த முறை மலையிலிருந்து இறங்கும்போது போத்தலைப் பார்த்துச் சரியா என்று தெரிந்துகொள்ளுங்கள்.